நிறைஞ்சிருக்கு என்றால்

பட்டறையில் சேர்ந்த முதல் வாரம், ஒரு புதன்கிழமை, ஸ்டோர் ஜன்னலில் நின்று ஒன்றரை அங்குல ஆணிச் சரம் வேண்டும் என்று கேட்டேன்.

"நிறைஞ்சிருக்கு அண்ணே" என்றார் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

சரி, எடுத்துத் தருவார் என்று நின்றேன். அவர் திரும்பித் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து நான் இன்னும் நிற்பதைக் கண்டு, "நாளைக்கு வந்துரும். எழுதி வச்சுட்டுப் போங்க" என்றார். நிறைந்திருக்கிற ஒன்று எதற்காக நாளைக்கு வர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

பின்னால் நின்ற ராசு ஆசாரி சிரித்தார். "ஒண்ணு கூட இல்லைன்னு சொல்றாக அண்ணே. அக்கா வாயில அந்த வார்த்தை வராது. தீர்ந்துபோச்சுன்னா நிறைஞ்சிருக்கும்பாக." பிறகு தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "இந்தா, என் தலை நிறைஞ்சிருக்குல்ல, அது மாதிரி."

"உள்ளுக்குள்ளயும் நிறைஞ்சுதான்டா இருக்கு" என்றார் அக்கா, திரும்பாமலே.

வயதில் அவர் எனக்கு இளையவர். ஆனாலும் பட்டறையில் எல்லாருக்கும் அக்கா. எனக்கும் அப்படியே பழகிவிட்டது. காரைக்குடியில், கோவிலூர் சாலையில் தகரக் கூரை போட்ட நீளமான மரப்பட்டறை அது. கண்டனூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளை விடுதிகளாக மாற்றும் வேலை எங்களுக்கு. உள்ளே தடுப்புகள், அலமாரிகள், பொய்க்கூரைகள். ஆசாரிகள் செய்வார்கள், நான் அளவு எடுத்து எழுதுவேன். எழுதுவது எனக்கு வேலை மட்டும் இல்லை. நாள், கிழமை, அன்று யார் என்ன சொன்னார்கள் என்று குறித்து வைக்கிற பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. இதை எழுதும்போதும் பட்டறைக் காலத்து நோட்டுகள் நான்கும் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் எந்த இடத்தைப் புரட்டினாலும் அக்கா பேசிக்கொண்டிருக்கிறார். 'இல்லை' என்ற சொல் அவர் பேச்சாக ஓரிடத்தில்தான் வருகிறது.

'இல்லை' என்று சொல்லாத பழக்கம் அவருக்கு வந்த வழி எளிது. அவருடைய அம்மா கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்தவர். அந்த வீட்டில் அரிசியோ உப்போ எண்ணெயோ தீர்ந்தால் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த இல்லாமை வீட்டில் தங்கிவிடும். 'நிறைஞ்சிருக்கு' என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் புரியும், வாங்கி வைப்பார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொல்லும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்த அடுக்களையின் மூலையில் வளர்ந்தவர் அக்கா. பிறகு பல வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திர அறையைப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்துதான் எங்கள் ஸ்டோருக்கு வந்தார். அண்டாவும் கரண்டியும் போய் ஆணி அடிக்கிற கன் வந்தது. சொல் மட்டும் மாறவில்லை.

இலக்கணத்தில் மங்கலம் என்று ஒன்று உண்டு. கெட்டதை நல்ல சொல்லால் சொல்வது. குழூஉக்குறி என்று இன்னொன்று உண்டு. ஒரு தொழில் செய்கிறவர்கள் தங்களுக்குள் மட்டும் புரிகிற மாதிரி வைத்துக்கொள்ளும் சொல். இரண்டையும் தனித்தனியாகப் படித்திருக்கிறேன். எங்கள் பட்டறையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அக்காவின் மங்கலச் சொல் ஆசாரிகளின் குறிச்சொல்லானது. கன்னில் ஆணி சிக்கிக்கொண்டால் முனையிலுள்ள மூக்கைக் கழற்றிக் கையை விட்டு எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் அக்காவிடம் காட்டுவார்கள். அவர் பேட்டரியைக் கழற்றி, ஆணிச் சரத்தை உருவி, உள்ளே எதுவும் மிச்சம் இல்லை என்று பார்த்துவிட்டு, "நிறைஞ்சிருக்கு. கைய வைக்கலாம்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் கை உள்ளே போகும். வேறெந்த ஊரிலும் துப்பாக்கி மாதிரியான ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, நிறைந்திருக்கிறது என்று கேட்டு ஆறுதல் அடைந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

கன்களை அவர் வைத்திருந்த விதம் பார்க்கத் தகுந்தது. வாங்கும்போது வருகிற பிளாஸ்டிக் பெட்டியில் வைக்க விடமாட்டார். உள்ளே இருக்கும் பஞ்சு மழைக்காலத்தில் ஈரம் குடித்து உதிர்ந்து கன்னின் மூக்கில் போய் அடைக்கும் என்பார். சுவரில் மரக்கட்டை அடித்து, மூக்கு சுவரைப் பார்க்க, வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். பேட்டரிகள் அங்கே இருக்காது. பங்குனியில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கவே முடியாது. பேட்டரிகளைக் கூடையில் வைத்து, பின்னால் இருந்த ஓட்டுக்கூரை அறைக்கு எடுத்துப்போய் மரத்தட்டில் அடுக்குவார். சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொன்றின் பொத்தானையும் அமுக்கிப் பார்ப்பார். நாலு விளக்கில் இரண்டு எரிந்தால் அப்படியே வைப்பார். நாலும் எரிந்தால் ஒரு கன்னில் மாட்டி, பழைய பலகையில் ஆணியாக அடித்துத் தீர்ப்பார்.

"வயிறு முட்டத் தின்னுட்டு நாள் முழுக்கச் சும்மா கிடந்தா மனுசனுக்கே ஆகாது. இதுக்கு எப்புடி ஆகும்?"

எந்த வேலைக்கு எந்தக் கன் என்பதும் அவர் முடிவுதான். ஓரச்சட்டம் அடிக்க மெல்லிய பின் போடும் சின்னக் கன். பிளைவுட் சட்டத்துக்குத் தடித்த ஆணிக் கன். தேக்குக்கு எதையும் தரமாட்டார். அந்த வீடுகளின் பழைய பர்மாத் தேக்கில் கன் ஆணி பாதியில் வளைந்து நிற்கும், அல்லது மரம் பிளக்கும். அதற்காக 'தர மாட்டேன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆசாரி வந்து, "அக்கா, தூணுக்கு ஒரு கன்" என்றால், பேசாமல் துளை போடும் மிஷினையும் ஒரு கிண்ணம் திருகாணியையும் எடுத்து ஜன்னலில் வைப்பார். மறுப்பதென்றால் இன்னொன்றை எடுத்துக் கொடுப்பது. பழகியவர்களுக்கு அது போதும்.

ஆயுத பூஜை அன்று முதலாளி வீட்டுப் பெண்கள் வருவார்கள். கன்களைத் துடைத்துச் சந்தனம் வைப்போம். மூக்கில் குங்குமம் வைக்க யாராவது போனால் அக்கா கையைப் பிடித்துக்கொள்வார். "அதுக்கு மூக்குல பொடி போட்டா தும்மும். அங்குட்டு, பேட்டரி மேல வையி." ஒரு வருஷம், முதலாளியின் புது மருமகள் எல்லாருக்கும் இனிப்புப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவரிடமும் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு அத்தனை பொட்டலம் கொடுத்தாள். அக்காவிடமும் கேட்டாள்.

"நிறைஞ்சிருக்கும்மா."

அந்தப் பெண் சென்னையில் வளர்ந்தவள். மகிழ்ச்சியோடு நான்கு பொட்டலத்தை அள்ளி அவர் கையில் வைத்தாள். அக்கா வாங்கிக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பூஜைக்கு மறுநாள் தொழிலாளிகள் வந்தபோது அந்த நான்கும் ஸ்டோர் ஜன்னலில் பிரித்து வைக்கப்பட்டிருந்தன; கன் வாங்க வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்தேன்.

அவருடைய கணவரைப் பற்றி யாராவது கேட்டால் "இருக்காக" என்பார். எங்கே என்று சொல்ல மாட்டார். அவர் மலேசியாவில் இறந்து பல வருஷமாயிற்று என்று ராசுவின் மனைவி ஒரு முறை என்னிடம் சொன்னாள்.

புதுக் கன்கள் வாங்கிய மாதத்தைச் சித்திரை என்று முன்பு ஓரிருவரிடம் சொல்லியிருக்கிறேன். நோட்டைப் பார்த்தால் பங்குனி, செவ்வாய்க்கிழமை. பழைய கன்கள் தேய்ந்துவிட்டன. முதலாளியின் மகன் பொறுப்பை ஏற்ற புதிது. சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்தவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். விற்பனைக்காரர் மூன்று மாதிரிகளைக் கொண்டுவந்து ஸ்டோர் ஜன்னலில் வைத்தார். சின்ன முதலாளி, "அக்காதான் தினமும் கையாளுறாங்க. அவங்களே பார்த்துச் சொல்லட்டும்" என்றார். அப்படிச் சொல்லத் தோன்றியதே நல்ல குணம்தான்.

முதலாவது கனமானது. பேட்டரி தனியாகக் கழலும். ஆணிப் பெட்டியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு திறப்பு. உள்ளே எத்தனை ஆணி இருக்கிறது என்று அதன் வழியே தெரியும். அந்தத் திறப்பை நாங்கள் கண்ணு என்போம். இரண்டாவது, பேட்டரியோடு வாயுக்குப்பியும் போட வேண்டியது; அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்தார். மூன்றாவது பூப்போல எடை. பேட்டரி உள்ளேயே அடைத்தது, கழற்ற முடியாது. ஆணிப் பெட்டி முழுக்க மூடியது.

அக்கா அந்த மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் பக்கமெல்லாம் தடவினார். பிறகு சொன்னார்:

"இதுக்குக் கண்ணு நிறைஞ்சிருக்கு தம்பி."

சின்ன முதலாளியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா? அக்காவுக்கே கண்ணு நிறைஞ்சிருக்கு. இதையே எடுத்துக்கலாம். ஆறு கொடுங்க."

ராசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. "பேட்டரி தனியா வந்தாத்தானே தம்பி, அதை உறங்கப் போட முடியும்?" என்றார்.

"இதுல கழட்டவே வேண்டாம் அக்கா. உங்களுக்கு அந்த வேலையே மிச்சம்."

அக்கா முதல் கன்னை எடுத்து அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். அதுதான் அவருடைய மறுப்பு. கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு சாண் நகர்த்தினார். சின்ன முதலாளி அதை எடுத்து விற்பனைக்காரரின் பெட்டியில் போட்டார்.

நான் அங்கேதான் இருந்தேன். அவர் சொன்னதன் பொருள் எனக்குத் தெரியும். மூன்று வார்த்தையில் விளக்கியிருக்கலாம். அளவு எழுதுகிறவனுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

புதுக் கன்கள் வந்த பிறகு அக்காவின் வேலை கூடிற்று. கண்ணும் இல்லை, பேட்டரியும் கழலாது என்பதால், ஜன்னலுக்கு வரும் ஒவ்வொரு கன்னையும் அவரே பெட்டியைத் திறந்து, சரத்தை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். திரும்பி வரும்போது ஒரு முறை, கொடுக்கும்போது ஒரு முறை. ஐந்து மாதம் ஒன்றைக்கூட அவர் பார்க்காமல் விட்டு நான் கண்டதில்லை.

ஆவணியில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஓர் ஆசாரி வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பணிவானவர், வேலை சுத்தம். அவர் வந்து பத்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை மதியம், அவர் கையிலிருந்த கன்னின் மூக்கு அழுத்தினால் உள்ளே போய் வெளியே வராமல் சிக்கியது. புதுச் சரம் அப்போதுதான் போட்டிருந்தார். அப்படியே கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார்.

"மூக்கு சிக்குதுங்க்கா. நெறஞ்சிருக்குதுங்க, பாத்து வைங்க."

அவர் தன் ஊர்ப்பேச்சில், உள்ளே ஆணி நிறைய இருக்கிறது, கவனம் என்று சொன்னார். தெளிவாக, பொறுப்பாகச் சொன்னார். அக்காவின் காதில் அது வேறு விதமாக விழுந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பக்கத்து மேசையிலிருந்து நான் பார்த்தேன். "சரிய்யா, வையிங்க" என்றார்.

பட்டறையில் கன்னைப் பழுது பார்ப்பது ராசுதான். வந்து எடுத்தார். "என்னக்கா, பாக்கலாமா?"

"நிறைஞ்சிருக்கு. பாரு."

ராசு ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது கையில் பிடி, விரல் விசையின் மேல். ஸ்பிரிங் எங்கே சிக்குகிறது என்று பார்க்க, மூக்கை இடது உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். டப் என்று சத்தம் வந்தது. நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான்; யாரும் திரும்பவில்லை.

"அக்கா" என்றார் ராசு. சாதாரணக் குரலில்தான் கூப்பிட்டார்.

ஆணி உள்ளங்கையின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்திருந்தது. கன் துடைக்கிற துணியைக் கையில் சுற்றி அவரை வண்டியில் ஏற்றினோம். அன்று மாலையே மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை செய்தார்கள். கை பிழைத்தது. நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. ஆசாரிக்கு இடது கைதான் மரத்தைப் பிடிக்கிற கை. பிடி இல்லாவிட்டால் வலது கையில் உளி இருந்து பயன் இல்லை.

புதன்கிழமை சின்ன முதலாளி எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டார். கோயம்புத்தூர்க்காரர் அழுதுகொண்டே, "நெறஞ்சிருக்குதுன்னுதானுங்க சொன்னேன். பாத்து வைங்கன்னு கூடச் சொன்னனுங்க" என்றார்.

"ஆமா தம்பி, சொன்னாக" என்றார் அக்கா. "அவுக சொன்னது சரிதான். நாந்தான் திறந்து பாக்கல."

ஏன் பார்க்கவில்லை என்று அன்று யாரும் கேட்கவில்லை. நான் பிறகு கேட்டேன். "என் சொல்லைச் சொன்னாகளே அண்ணே" என்றார். "வெளியூர்க்காரவுக. வந்து பத்து நாள்ல கத்துக்கிட்டாகளேன்னு..."

சின்ன முதலாளி கோபப்படவில்லை. கன்களில் மாட்ட அட்டைகள் அச்சடித்துக் கொண்டுவந்தார். ஒன்றில் 'ஆணி உண்டு', மற்றதில் 'காலி'. "அக்கா, இனிமே காலின்னா காலின்னே வாயாலயும் சொல்லிருங்க. ஒரே வார்த்தை. எல்லாருக்கும் நல்லது" என்றார். அக்கா தலையசைத்தார்.

மறுநாள் காலை ஓர் ஆசாரி வந்து, "இதுல ஆணி இருக்காக்கா?" என்று கேட்டார். அக்காவின் உதடு அசைந்தது. பழைய சொல்லும் வரவில்லை, புதுச் சொல்லும் வரவில்லை. கன்னைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். யார் என்ன கேட்டாலும் திறந்து காட்டுவார், பெட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார், விரலால் காட்டுவார். ஜன்னலில் கூட்டம் நின்றது. கிண்டல் செய்ய ஆள் இல்லை. கோயம்புத்தூர்க்காரர் அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார்; திரும்பவில்லை. அக்கா புரட்டாசி கடைசியில் வேலையிலிருந்து நின்றுகொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை. சாவியை என் மேசையில் வைத்து, "வாரேன் அண்ணே" என்றார்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ராசுவைப் பார்க்க அமராவதிபுதூர் போனேன். அக்காவும் அங்கே வந்திருந்தார். ராசு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிடிப்பு வருவதற்காக மருத்துவமனையில் கொடுத்திருந்த ரப்பர் பந்து இடது கையில் இருந்தது. கொஞ்சம் பேசுவார், பந்து விழும், எடுப்பார். மனைவி டீ கொண்டுவந்தாள்.

"டாக்டரு பார்க்கலாம் பார்க்கலாம்ங்கிறாரு. நானும் ஆவணியில இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் ராசு. "இவ, எல்லாம் சரியாப் போயிரும்ங்கிறா. இவளுக்கு என்ன தெரியும். அக்கா, நீங்க பாருங்க."

கையை நீட்டினார். அக்கா அதை மடியில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத் தன் கையால் மடக்கி, விட்டுப் பார்த்தார். சுண்டுவிரல் மடங்கியபடி நின்றது. நடுவிரலும் மோதிர விரலும் விட்டதும் விரிந்தன. மறுபடி மடக்கினார். மறுபடி விரிந்தன.

"மடங்கிரும்ல அக்கா?"

ராசு சிரித்துக்கொண்டு கேட்டார். டாக்டரிடம் கேட்டிருக்கிறார், கோயிலில் கேட்டிருக்கிறார். அக்காவிடம் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. காரைக்குடி வட்டாரத்தில் 'இல்லை' என்று சொல்ல முடியாத வாய் அது ஒன்றுதான். எந்த நல்ல சொல்லைச் சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

அக்கா அவர் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

"இல்லை ராசு" என்றார்.

கேட்காமல் போய்விடக் கூடாது என்பது மாதிரி இன்னொரு முறை சொன்னார். "இல்லைய்யா. மடங்காது."

ராசுவின் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வாசல்ல உக்காந்துக்கிட்டு என்ன பேச்சுப் பேசுறீக" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"விடு. அக்கா புரியுற மாதிரிதான் சொல்லியிருக்காக" என்றார் ராசு.

கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். கீழே கிடந்த பந்தை வலது கையால் எடுத்து மனைவியிடம் நீட்டினார். "இந்தா, பிள்ளைகள்ட்ட குடு. விளையாடட்டும்."